முன்னங்கால்கள்

பழைய ஃபோர்க் இரண்டுக்கும் சளி பிடித்திருந்தது.
நாகலூர் இறக்கத்தில் எண்ணெய் ஒழுக ஒழுக
ஒவ்வொரு பள்ளத்திலும் அடிவரை போய் 'டக்'கென்று முட்டும்.
பின்னால் கட்டிய நைட்ரஜன் கேனுக்குள்
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறில்
இன்னும் பிறக்காத கன்றுகள்.
அவை ஒன்றும் சொல்லவில்லை.
என் மணிக்கட்டுதான் வீங்கியது.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு காயலான் கடை.
ஆரஞ்சு வண்டி ஒன்றின் தலைகீழ் ஃபோர்க்,
கழுத்துத் தண்டோடு, சுவரில் சாய்ந்திருந்தது.
"ஆக்ஸிடென்ட் வண்டிங்களா?"
"இல்லைங்க, பையன் வெளிநாடு போயிட்டான்."
காயலான் கடையில் எல்லாப் பையன்களும்
வெளிநாடுதான் போயிருக்கிறார்கள்.
ஏழாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன்.

இன்ஜினுக்கு அடியில் பால் கிரேட், மேலே இரண்டு செங்கல்,
ஹேண்டில்பாரை மாடிப்படிக் கம்பியில் கட்டி
சக்கரத்தைக் கழற்றினேன், கால்களை உருவினேன்.
தொட்டித் தண்ணீருக்கு
முன்னங்கால் மடித்த மாடாக நின்றது வண்டி.
வீட்டுக்கார அம்மா மேலிருந்து கேட்டார்:
"எண்ணெய்க் கறை போகுமா?"
"சாணிக் கறை போச்சுல்லங்க."

வம்பு அதற்கப்புறம்தான்.
தண்டு பதினொரு மில்லி நீளம்.
குகையில் லேத் வைத்திருக்கும் ஆரோக்கியசாமி
வெர்னியரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி வெர்னியரைப் பார்த்தார்.
"வண்டி யாருதும்மா?"
"என்னுது."
"ஓட்டறது?"
"நான்தான்."
"அப்பன்னா கொஞ்சம் டைட்டாவே கடையறேன்."
வளையம் ஒன்று வெதுவெதுப்பாக வந்து விழுந்தது,
பிசுபிசுப்போடு, சுருள் சீவல் ஒட்டிக்கொண்டு,
துடைத்துவிட ஆள் தேடுவதுபோல.

பேரிங் தண்டில் ஏற மறுத்தது.
சுத்தியல் எடுத்தேன். வைத்தேன்.
கேனைத் திறந்து ஒரு தம்ளர் நைட்ரஜன்,
அரசாங்கச் சொத்து,
தண்டின்மேல் ஊற்றினேன்.
வெள்ளைப் புகை முற்றமெல்லாம் படர
மேலிருந்து "ஐயோ" என்று ஒரு குரல்.
இரும்பு குளிரில் ஒடுங்கியது.
பேரிங் சத்தமே இல்லாமல் இறங்கி உட்கார்ந்தது.
பதிவேட்டில் 'ஆவியிழப்பு' என்று எழுதினேன்.
அதில் பொய் எதுவும் இல்லை.

புது எண்ணெய் ஊற்றி, மாட்டு சிரிஞ்சால் மிச்சத்தை உறிஞ்சி
நூற்றுப்பத்து மில்லியில் மட்டம் நிறுத்தினேன்.
துடைக்கும்போதுதான் பார்த்தேன்,
இடது காலில் ஒரு கறுப்பு கேபிள் டை.
நானும் கட்டுவதுண்டு. கால் எவ்வளவு ஆழம் அமுங்குகிறதோ
அவ்வளவு தூரம் தள்ளிப்போய் நின்றுகொள்ளும்.
திரும்பி வராது.
அவனுடையது அச்சை ஒட்டி நின்றது.
அதற்குக் கீழே போக இடமே இல்லை.

கத்தரி கையில் இருந்தது.
எதன்மேல் விழுந்தாய்,
எந்த வெளிநாடு?
வெட்டாமல், மேலே
சீல் வரைக்கும் தள்ளிவிட்டேன்.

காலை ஐந்தே முக்காலுக்குப் போன்.
செம்மநத்தம் ஆண்டியின் மாடு ராத்திரியிலிருந்து கத்துகிறது.
பருவத்து மாடு டெஸ்ட் ரைடுக்கெல்லாம் காத்திராது.
சென்சார் பொருந்தவில்லை,
கொண்டை ஊசி இருபதும் ஏறி முடித்தபோதும்
ஸ்பீடாமீட்டரில் பூஜ்யம்.
தார் முடிந்த இடத்தில் கல்லும் வேரும் தொடங்க
மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளட்சை விட்டேன்.
முட்டவில்லை.
முன்சக்கரம் எதையோ மென்று மென்று விழுங்கியபடி போனது.
கேன் ஆடியது, சாயவில்லை.

மாட்டுக் கொட்டகை வாசலில் இறங்கிக் குனிந்தேன்.
டைக்கும் அச்சுக்கும் நடுவே
நாலு விரல் வைத்துப் பார்த்தேன், சுண்டுவிரல் லேசாக இடித்தது.
ஆண்டியும் பக்கத்தில் குனிந்தார்.
"வண்டிக்குக் காப்பு கட்டியிருக்குதுங்களா?"
"எனக்கு முன்ன ஒருத்தர் கட்டுனது."
"அவரு?"
கையுறையை முழங்கைக்கு மேல் இழுத்துவிட்டேன்.
"வாலைப் பிடிங்க."